கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறதா?

மவுஸ்கூட அசையாமல் திரை நின்றுவிட்டால், உடனே விண்டோஸை மாற்ற வேண்டாம். முதலில் சிபியூ பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திறந்து பாருங்கள்.

● தூசு: கள்ளக்குறிச்சியின் அரிசி ஆலைகள், சாலையோரக் கடைகளில் உள்ள கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி இதுதான். ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். பிராசஸர் சூடு 90 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், புதிதாகத் தடவுங்கள்.

● ரேம்: கழற்றி, பொன்னிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள், பழுதானது தெரிந்துவிடும்.

● ஹார்ட் டிஸ்க்: 'டிக் டிக்' சத்தம் வந்தால், முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். சத்தம் இல்லையென்றால் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

● மின்சாரம்: வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மலை ஊர்களில் இருப்போர், விளக்கு மங்கும் நேரத்தில் மட்டும் ஹேங் ஆகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் நல்ல யூபிஎஸ் அவசியம். சிபியூ பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். அப்போதுதான் கோளாறு எதில் என்று உறுதியாகத் தெரியும்.