பாதி வருடம் இங்கே, பாதி அங்கே

ஜூலையில் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தீர்களா? டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்காகப் பழைய கணக்கும் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். கலிபோர்னியாவுக்கு 540என்ஆர் படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

அலுவலகம் தரும் சம்பளப் படிவமான டபிள்யூ-2 வந்ததும் 15, 16, 17ஆம் கட்டங்களைப் பாருங்கள்: எந்த மாநிலம், எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம். முகவரி மாற்றத்தை அலுவலகத்தில் தாமதமாகச் சொல்லியிருந்தால், மாறிய பிறகும் கலிபோர்னியாவுக்கே பிடித்திருக்கக்கூடும். திருத்திய டபிள்யூ-2சி கேட்டு வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது, வேலைக்காக நிறுவனம் தரும் ஆர்எஸ்யூ பங்குகளில்தான். டெக்சாஸ் போன பின் கைக்கு வந்தாலும், கலிபோர்னியாவில் வேலை பார்த்த காலத்துக்குரிய பகுதிக்கு அங்கே வரி உண்டு.

சாமான் ஏற்றிய லாரி ரசீது, புது வீட்டு வாடகை ஒப்பந்தம் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். மாறிய தேதிக்கு அவைதான் சாட்சி.