கரு தங்குவது யார் கையில்?

“கரு தங்கவில்லை” என்று சொல்லும்போதே பாதி தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வந்த விருந்தாளி தங்கவில்லை. வீட்டுக்கு அதில் பங்கே இல்லை என்பது போல. விதை, நிலம் என்று பேசிப் பழகியவர்கள் நாம். நிலம் சும்மா கிடக்கும் என்று உழுதவர் எவரும் நினைக்கமாட்டார். கர்ப்பப்பை விஷயத்தில் மட்டும் அப்படி நினைக்கிறோம்.

நம்பிக்கை: கரு உருவாகிவிட்டால் தானே போய் ஒட்டிக்கொள்ளும்.

சுண்டெலியின் கதை வேறு. குட்டி போட்ட ஒரு நாளுக்குள் அது மறுபடி இணைசேர்ந்துவிடும். புதிய கருக்கள் நாலாம் நாள் கர்ப்பப்பைக்குள் வந்தும் சேரும். ஆனால் மடியில் முந்தைய ஈற்றுக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கருக்கள் ஒட்டுவதில்லை. சாவதும் இல்லை. நாள்கணக்கில் அப்படியே மிதந்து காத்திருக்கும். பால் கொடுக்கும் தாயின் சினைப்பை போதிய ஈஸ்ட்ரோஜனைச் சுரக்காததுதான் காரணம்.

ஆய்வகத்தில் இதையே செய்து பார்த்திருக்கிறார்கள். நாலாம் நாள், ஈஸ்ட்ரோஜன் எழுமுன்பே சினைப்பையை எடுத்துவிட்டு, தினமும் புரோஜெஸ்ட்ரோன் மட்டும் கொடுத்தால் கரு காத்துக் கிடக்கும். பிறகு ஒரே ஒரு ஈஸ்ட்ரோஜன் ஊசி, அதுவும் நானோகிராம் கணக்கில். ஒட்டும் வேலை தொடங்கிவிடும்.

அந்த ஊசி கர்ப்பப்பைச் சுவரில் உள்ள சுரப்பிகளை எழுப்பி ‘லிஃப்’ என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. ஒருவகை லுக்கீமியா செல்களின் பெருக்கத்தை அடக்குவதற்காக முதலில் அறியப்பட்ட புரதம்; பெயரும் அதை வைத்தே. அந்தப் பெயரைப் படித்தவர் யாரும் அதைத் தேடிக் கர்ப்பப்பைக்குள் வரமாட்டார். 1992-ல் காலின் ஸ்டூவர்ட் குழுவினர் இந்த மரபணு இல்லாத பெண் எலிகளைப் பார்த்தார்கள். கரு ஒழுங்காக உருவானது, ஒட்டவில்லை. அதே கருக்களை எடுத்துச் சாதாரண எலியின் கர்ப்பப்பையில் வைத்தார்கள். ஒட்டி வளர்ந்தன.

உடனே “அப்படியானால் லிஃப் ஊசி எங்கே கிடைக்கும்?” என்று கிளம்பிவிட வேண்டாம். கரு தங்காத பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2009-ல் வந்தது. பலன் இல்லை. எலி வேறு, மனிதர் வேறு. நாலாம் நாள் ஈஸ்ட்ரோஜன் எழுச்சி எலிக்குக் கட்டாயம். நமக்கு அப்படியில்லை, புரோஜெஸ்ட்ரோன்தான் முக்கியம்.

நம்பிக்கை: ஹார்மோன் கூடக்கூட நல்லது.

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உப்புதான் நினைவுக்கு வரும். எஸ்.கே. தே குழுவினர் 2003-ல் எலிகளிடம் கண்டது இது: ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக இருக்கும்வரை கர்ப்பப்பை கருவை ஏற்கும் காலம் நீள்கிறது. அளவைக் கூட்டினால் சீக்கிரமே முடிந்து, வாசல் அடைத்துக்கொள்கிறது.

நம்பிக்கை: ஒட்டிய நாளிலிருந்தே கரு தாயின் இரத்தத்தில் வளர்கிறது.

இதைப் பள்ளிக்கூடப் படமே நம் தலையில் ஏற்றிவிட்டது: நஞ்சு, கொடி, ரத்தம். பெண்களில் ஏறக்குறைய முதல் 10 வாரம் நஞ்சுக்குள் தாயின் இரத்த ஓட்டம் முழுமையாகத் திறப்பதே இல்லை. அதுவரை கர்ப்பப்பைச் சுரப்பிகள் சுரக்கும் திரவம் பெரும் பங்கு ஊட்டுகிறது. ‘கர்ப்பப்பைப் பால்’ என்று அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு, பொருத்தமான பெயர். அதில் புரதமும் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பன்றியிடம் போக வேண்டும். புரோஜெஸ்ட்ரோன் ஆட்சியில் இருக்கும் பன்றியின் கர்ப்பப்பையை உப்புநீர் விட்டு அலசி எடுத்தால் வரும் நீர் இளம் ஊதா நிறத்தில் இருக்கும், கத்திரிப்பூவின் சாயலில். நிறம் யூட்டரோஃபெரின் என்ற புரதத்துடையது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இரும்பு அணுக்களைச் சுமந்து போய்க் குட்டிக்குக் கொடுக்கிறது. பன்றியின் நஞ்சு சுவரைத் துளைத்து உள்ளே போவதே இல்லை, மேலே படிந்து நிற்கும். அதனால் சினைக்காலம் நெடுகவே சுரப்பிகளின் தயவு தேவை. புரோஜெஸ்ட்ரோனை நிறுத்தினால் ஊதாவும் நின்றுபோகும்.

சுரப்பியே இல்லையென்றால்? பிறந்த பெண் ஆட்டுக்குட்டிகளுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் கர்ப்பப்பைச் சுரப்பிகள் வளராமல் போகும். அப்படி வளர்ந்த ஆடுகள் கிடாயோடு சேர்ந்தாலும் கரு இரண்டு வாரத்தைத் தாண்டுவதில்லை.

நம்பிக்கை: கரு வைத்த பிறகு அசையாமல் படுக்க வேண்டும், படி ஏறினால் விழுந்துவிடும்.

கர்ப்பப்பை காலிக் குடம் அல்ல. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், நடுவில் கொழகொழவென்று மெல்லிய திரவம். நனைத்து மடித்த துணிக்குள் அகப்பட்ட பொடிமணல்தான் கரு. மாடி ஏறினால் அது எங்கே விழும்? படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லை என்று சோதனைகளும் காட்டிவிட்டன. பத்து நாள் படுக்கையில் கிடந்தவருக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

நம்பிக்கை: தங்குவதாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழு, கருத்தரிக்க முயன்ற பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து 1999-ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம், முட்டை வெளியான பின் 8, 9, 10-ஆம் நாள்களில் ஒட்டியவை. 9-ஆம் நாளுக்குள் ஒட்டியவற்றில் 13 சதவீதம் ஆரம்பத்திலேயே கலைந்தன. 10-ஆம் நாள் என்றால் 26, 11-ஆம் நாள் 52, அதற்கும் பிந்தியவை 82. வாசல் எப்படிச் சாத்திக்கொண்டே வருகிறது என்பதை இந்த நான்கு எண்களைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

பரிசோதனை அட்டை தேடுவது கரு சுரக்கும் எச்சிஜி ஹார்மோனை. கரு ஒட்டத் தொடங்கிய பிறகுதான் அது தாயின் உடலுக்குள் வருகிறது. ஏழாம் நாளே மெடிக்கலில் அட்டை வாங்கிவந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்க்கும் அந்த ஒற்றைக் கோட்டுக்கு அன்றைக்கு எந்த அர்த்தமும் இல்லை.