புதிய மின்சாரக் கார் அதிர்ந்தால் வியாபாரி செய்ய வேண்டியவை

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறந்து விடப்பட்டது. அதன் பிறகு மின்சாரக் கார்கள் கொழும்போடு நின்றுவிடவில்லை. மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியாகச் செல்லும் ஏ-9 வீதியிலும் அவை சத்தமில்லாமல் ஓடுகின்றன. எண்ணெய்ச் செலவைக் கணக்குப் பார்த்த கடைக்காரர்கள் பலர் லீசிங் போட்டாவது ஒன்றை வாங்கி விட்டார்கள்.

வாங்கியவர்களில் சிலர் ஒரு குறையோடு அலைகிறார்கள். நாவுலயில் கடை நடத்தும் நண்பர் ஒருவர் சரக்கெடுக்க மாதம் மூன்று நான்கு முறை கொழும்பு போகிறவர். அவருடைய புதுக் கார் 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் பட்டுப் போல ஓடுகிறது. குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறி 90ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. நான்கு முறை விற்றவரிடம் கொண்டு போனார். நான்கு முறையும் வீல் பேலன்ஸ் செய்து, "இப்போது சரி" என்று அனுப்பினார்கள். ஐந்தாம் முறை, "மின்சாரக் கார் என்றால் அப்படித்தான்" என்றார்கள். அப்படித்தானா? இல்லை. இப்படியான நிலையில் நாம் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மின்சாரக் காருக்கு அதிர்வு இயல்பானதா?

பெற்றோல், டீசல் எஞ்சினுக்குள் எரிபொருள் வெடித்து வெடித்துத்தான் வண்டி ஓடுகிறது. அதனால் ஓரளவு நடுக்கம் எப்போதும் இருக்கும். சில்லில் உள்ள சிறு கோளாறு அந்த நடுக்கத்தில் மறைந்து போகும். மின்சார மோட்டாரில் வெடிப்பு இல்லை, அது சீராகச் சுழல்கிறது. ஆகவே மின்சாரக் காரில் சிறிய கோளாறும் கைக்கும் இருக்கைக்கும் தெரிந்து விடும். அதிர்வு தெரிகிறது என்றால் சுழலும் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது என்று அர்த்தம். "இயல்பு" என்ற பதிலை ஏற்க வேண்டாம். அதே மாதிரிக் கார் இன்னொன்றை அதே பாதையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் உதறினால்தான் அந்தப் பேச்சுக்கு இடமுண்டு.

மூன்று கேள்விகளில் பாதி விடை

"கார் நடுங்குகிறது" என்று மட்டும் சொன்னால் எந்தப் பாஸுக்கும் விளங்காது. பின்வரும் மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்.

1. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறதா? கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு ஒரு செக்கனுக்கு 12 தடவைக்கு மேல் சுழலும். எடையில் சில கிராம் வித்தியாசம் இருந்தாலும் அந்த வேகத்தில் உதறும். ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன் சில்லு, இருக்கை அதிர்ந்தால் பின் சில்லு. பேலன்ஸ் செய்த பிறகும் நிற்கவில்லை என்றால் டயர் வட்டமாக இல்லையா, ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண பேலன்ஸ் மெஷின் எடையை மட்டுமே பார்க்கும். டயரின் மேல் உருளையை அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் மெஷினில்தான் இந்தக் குறை பிடிபடும். எலைன்மென்ட் செய்வதால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது சரியாகும், இந்த உதறல் போகாது.

2. அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் நிற்கிறதா? அப்படியானால் மோட்டாரிலிருந்து சில்லுக்குச் சக்தியைக் கொண்டு போகும் எக்ஸல், அதன் ஜொயின்ட், மோட்டாரைத் தாங்கும் மவுண்ட் ஆகியவற்றில் சந்தேகப்பட வேண்டும். எத்தனை தரம் பேலன்ஸ் செய்தாலும் இது போகாது.

3. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருகிறதா? மின்சாரக் கார் பெரும்பாலும் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு. மழைக் காலத்தில் நிறுத்தி வைத்தால் டிஸ்க் சமமில்லாமல் துருப்பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. மின்சாரக் காரின் பெட்டரி மட்டுமே பல நூறு கிலோ. கப்பலிலும் துறைமுகத்திலும் மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நின்ற காரின் டயர் ஒரு பக்கம் தட்டையாகிப் போகலாம். இருபது முப்பது கிலோமீற்றர் ஓடிச் சூடேறியதும் அது சரியானால் கவலை இல்லை. சரியாகாவிட்டால் டயரை மாற்றத்தான் வேண்டும். கப்பல் பயணத்துக்காக டயரில் கூடுதலாகக் காற்று அடித்து அனுப்புவதும் உண்டு. கையளிக்கும்போது அதைக் குறைத்தார்களா என்று பாருங்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று: முன் சில்லுகளைப் பின்னாலும் பின் சில்லுகளை முன்னாலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். (முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் உள்ள கார்களுக்கு மட்டும்.) உதறல் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு மாறினால் குற்றவாளி சில்லுதான்.

ஓர் எச்சரிக்கை. அதிர்வு திடீரெனக் கூடினாலோ, 'டக் டக்' என்ற சத்தத்தோடு வந்தாலோ வண்டியை ஓரங்கட்டி சில்லு நட்டுகளைப் பாருங்கள். செம்மஞ்சள் நிற வயர்கள் உள்ள இடத்தில் சாதாரண கராஜில் கை வைக்க விடாதீர்கள். அவற்றில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு மின்சாரம் ஓடுகிறது.

பெரிய கொம்பனிகளுக்கும் இது நடந்தது

டெஸ்லாவின் மொடல் எக்ஸ் 2015இல் வெளிவந்தது. வேகமெடுக்கும்போது முன்பக்கம் நடுங்குகிறது என்று உரிமையாளர்கள் பலர் முறையிட்டார்கள். முன் எக்ஸல்களை மாற்றிக் கொடுத்தார்கள். சிலருக்குச் சில மாதங்களில் அதே நடுக்கம் திரும்பி வந்தது. காரை உயர்த்தி ஓட்டும்போது எக்ஸலின் சாய்வு கூடி நடுக்கம் அதிகரிப்பதும், தாழ்த்தினால் குறைவதும் பிறகு தெரிய வந்தது. பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

டொயோட்டாவின் பிஇசட்4எக்ஸ் மின்சாரக் கார் விற்பனைக்கு வந்து அதிக நாளாகாத நிலையில், 2022 ஜூன் மாதத்தில் சுமார் 2,700 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சில்லைப் பிடித்திருக்கும் போல்டுகள் தளர்ந்து சில்லே கழன்று விடலாம் என்பதால், காரை ஓட்டவே வேண்டாம் என்றது கொம்பனி. அமெரிக்காவில், விரும்பியவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக் கொள்வதாகவும் அறிவித்தது. பழுது பார்க்கும் வழி கிடைத்தது அக்டோபரில்தான். குறையை வெளிப்படையாக ஒத்துக் கொண்டதால் டொயோட்டாவின் வியாபாரம் அழிந்து விடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நமது சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் பழுதான புதுக் காரை 'லெமன்' என்பார்கள். 1982இல் கனெக்டிகட் மாநிலம் 'லெமன் சட்டம்' கொண்டு வந்தது. குறிப்பிட்ட தடவை பழுது பார்த்தும் சரிவராத காரை மாற்றிக் கொடுக்க அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. இலங்கையில் காருக்கென்று அப்படியொரு சட்டம் இல்லை. ஆனாலும் நாம் கையறு நிலையில் இல்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை உத்தரவிட முடியும். இங்கேதான் பலர் தவறி விடுகிறார்கள்: முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும். "அடுத்த கிழமை வாருங்கள்", "பாகம் கப்பலில் வருகிறது" என்ற பேச்சிலேயே அந்த மூன்று மாதமும் ஓடி விடும். விற்றவரோடு நல்ல உறவு இருந்தாலும் முறைப்பாட்டை உரிய காலத்தில் கொடுத்து விடுங்கள். சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

இது தவிர 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்திருந்தால் ஏற்றுக் கொண்டதாகவே அது கருதும். ஏற்றுக் கொண்ட பின் நட்டஈடு கேட்கலாமே தவிர, பொருளைத் திருப்புவது கடினம்.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். இந்தியாவில் மாருதி கார் ஒன்றின் கிளட்ச் கோளாறு உச்ச நீதிமன்றம் வரை போகும் வழக்காயிற்று. நுகர்வோர் ஆணையம் புதுக் கார் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமோ 2006இல், குறையுள்ள பாகத்தை மாற்றினால் போதும், முழுக் காரையும் மாற்றத் தேவையில்லை என்றது. இந்தியத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதிலுள்ள வழி நமக்கும் பொருந்தும். முதலில் காரணத்தைக் கண்டு பாகத்தை மாற்றும்படி கேளுங்கள். அது பலமுறை தோற்றது என்ற அத்தாட்சி கையில் சேர்ந்த பிறகு மாற்றுக் கார் கேட்டால் பேச்சுக்குப் பலம் இருக்கும்.

அத்தாட்சி சேர்ப்பது எப்படி?

கடன் கொப்பி எழுதும் நமக்கு இது புதிதல்ல. காருக்கும் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், பாதை, வேகம், எங்கே உதறியது, மிதிக்கும்போதா பிரேக்கிலா என்று எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் தொலைபேசியில் வேகமானியையும், பாதி தண்ணீருள்ள போத்தல் நடுங்குவதையும் சேர்த்து வீடியோ எடுக்கட்டும். ஓட்டுபவர் எடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை கொண்டு போகும்போதும் வேலைச் சீட்டில் நீங்கள் சொன்ன குறையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "பொதுப் பரிசோதனை" என்று எழுதினால் கையெழுத்திடாதீர்கள். பரிசோதகர் டவுனுக்குள் 40இல் ஓட்டி விட்டு "ஒன்றுமில்லை" என்பார். உதறும் வேகத்தில், உதறும் பாதையில், உங்களையும் ஏற்றிக் கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் சரிவராவிட்டால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், பிரதியை வைத்துக் கொள்ளுங்கள்.

லீசிங்கில் எடுத்தவர்கள் லீசிங் கொம்பனிக்கும் பிரதி அனுப்ப வேண்டும். வாகனத்தின் உரிமையாளர் அவர்களே. இஜாரா முறையில் எடுத்தவர்கள், பொருளின் பெருங்குறைக்கு யார் பொறுப்பு என்று உடன்படிக்கையில் பாருங்கள். கோபத்தில் தவணையை நிறுத்தி விடாதீர்கள். காரும் போய், கடன் தகவல் அறிக்கையில் பெயரும் கெடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

உத்தரவாதத்தைக் கொடுப்பது யார் என்று முதலில் கேளுங்கள். உற்பத்திக் கொம்பனியின் முகவரா, தனிப்பட்ட இறக்குமதியாளரா? தனியார் கொண்டு வந்த காரை முகவர் தொடாமல் விடலாம். உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும். காசு கட்டுவதற்கு முன், நீங்கள் வாங்கப் போகும் அதே காரை, நீங்கள் ஓடும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். காட்சிக்கு வைத்த காரை ஓட்டிப் பார்த்தது கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று

அலைந்து களைத்தவர்கள் சிலர், "சத்தமில்லாமல் யாருக்காவது தள்ளி விடுவோம்" என்று நினைக்கிறார்கள். உதறும் வேகத்துக்கு மேல் ஓட்டிக் காட்டாமல் விற்பது சுலபம்தான். ஆனால் குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பும் உரிமையை நமது மார்க்கச் சட்டம் வாங்கியவருக்கு வைத்திருக்கிறது. நனைந்த தானியத்தைக் காய்ந்ததற்கு அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். விற்பதானால் கொப்பியையும் வேலைச் சீட்டுகளையும் காட்டி, குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். சில இலட்சம் குறையலாம், வியாபாரியின் பெயர் குறையாது. நமக்கு விற்றவரிடம் எந்த நேர்மையைக் கேட்டு நடக்கிறோமோ, நம்மிடம் வாங்குபவர் அதே நேர்மையை நம்மிடம் காண வேண்டும்.