பன்றிக்குட்டிக்கு முதல் தீனி சூடுதான்



போன தை மாதம் நமது லயத்து அக்கா ஒருவரின் பன்றி 11 குட்டி போட்டது. மறுநாள் காலையில் 5 குட்டி செத்துக் கிடந்தன. "தீனியில ஒரு குறையும் வைக்கலயே ஐயா" என்று அழுதார். குறை தீனியில் இல்லை, கொட்டிலில்தான்.

காரணம் என்ன?

பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் சில நாட்களுக்கு அதற்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். நுவரெலியாப் பக்கம் தை மாத இரவில் 10 பாகைக்குக் கீழும் இறங்கும். விறைத்த குட்டி பால் குடிக்காது. சூடு தேடித் தாயோடு ஒட்டிப் படுக்கும், தாய் புரளும்போது நசுங்கிவிடும். தப்பிய குட்டியும் குடித்த பாலை உடம்புச் சூட்டுக்கே செலவழிப்பதால் வளர்ச்சி குறையும். விற்கும் நிறை வர நாளும் கூடும், தீனியும் கூடும்.

செலவுக் கணக்கு

சினைக்காலம் சுமார் 114 நாள். அதுவரை தாய் தின்ற தீனி, ஒரு பேச்சுக்கு 33,000 ரூபா என்று வைப்போம். 11 குட்டியும் பிழைத்தால் ஒரு குட்டிக்கு 3,000 ரூபா. 6 மட்டும் பிழைத்தால் 5,500 ரூபா. செத்த குட்டியின் செலவையும் இருக்கிற குட்டிதான் சுமக்கிறது.

செய்ய வேண்டியவை

1. கொட்டிலில் ஒரு மூலையைப் பலகையால் அடைத்து மூடி போடுங்கள். குட்டி மட்டும் நுழையும் வாசல் போதும். உள்ளே காய்ந்த மானாப்புல் பரப்பி, நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

2. கரண்ட் இருந்தால் சூடு தரும் பல்ப் போடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. புல்லிலும் பலகையிலும் படாமல், தாய்க்கு எட்டாமல் சங்கிலியில் கட்டுங்கள். தீப்பிடிக்கும், கவனம்.

3. சுவரிலிருந்து 8 முதல் 10 அங்குலம் தள்ளி, தரையிலிருந்தும் அதே உயரத்தில் பலமான கம்பு கட்டுங்கள். தாய் சரிந்து படுத்தாலும் குட்டி தப்ப இடமிருக்கும்.

4. காற்றடிக்கும் பக்கம் சாக்குக் கட்டுங்கள். கூரைக்குக் கீழே இடைவெளி விடுங்கள். முழுக்க அடைத்தால் மூத்திர நெடி நெஞ்சைப் பாதிக்கும்.

5. சீமெந்துத் தரையில் வளரும் குட்டிக்கு மண்ணிலிருந்து இரும்புச்சத்து கிடைக்காது. 3ஆம் நாளளவில் ஊசி போட மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

இரவில் ஒரு தடவை டோர்ச் அடித்துப் பாருங்கள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர். பல்பை விட்டு ஒதுங்கினால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் பரவித் தூங்கினால், உங்கள் கொட்டில் சரி.