கொல்லை வேலை மனச்சோர்வை ஓட்டிவிடுமா?

விழுப்புரம் பேருந்து நிலையத்திலும், திண்டிவனத்துத் தேநீர்க் கடைகளிலும், கலியாணப் பந்திகளிலுங்கூட ஓயாமல் என் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "பையனுக்கு டிப்ரஷனாம்! நாலு நாளு கொல்லையில எறங்கி வேல செய்யச் சொல்லு, தானா சரியாயிடும்." தேகப்பயிற்சி ஆசிரியனாகவே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்குச் சரீர அசைவின் மகிமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை, ஆயினும், அந்த மகிமையின் பெயராலேயே ஒரு வியாதியைச் சோம்பல் என்று தூற்றும் இந்தப் பேச்சைக் கேட்கும்போது என் பொறுமை போய்விடுகிறது.

உழைப்புள்ள இடத்தில் மனநோய் தலைகாட்டாது என்பது மெய்யானால், கிராமத்துப் பிள்ளைகளிடம் அது அறவே இருக்கக் கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வோ, 13 முதல் 17 வயதுள்ளோரில், பெருநகரங்களைவிடக் குறைவாயினும், கிராமங்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு ஏதேனுமொரு மனநலக் கோளாறு இருக்கக் கண்டது. அன்றியும், அசைவெல்லாம் ஒரே தன்மையன அல்ல. 2017இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பொன்று, ஓய்வு நேரத்தில் மனமொப்பிச் செய்யும் விளையாட்டும் நடையும் மனநலத்தோடு இணைந்து நிற்பதையும், வேலையாகச் செய்யும் உழைப்பில் அந்த நன்மை காணப்படாததையும் எடுத்துக்காட்டியது. நிர்ப்பந்தத்தின்பேரில் விடியுமுன் மல்லாட்டை பிடுங்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளையும், மாலையில் தோழரோடு கபடி ஆடும் பிள்ளையும் பெறுவது ஒன்றாகுமா? எழுந்திருக்கவே மனமின்மையும், ஆசையாய் ஆடிய ஆட்டத்தை வெறுத்து ஒதுங்குவதும் மனச்சோர்வு நோயின் லட்சணங்களே. அவற்றைக் குணக்கேடென்று ஏசும் பெற்றோர், குற்றவுணர்வால் ஏற்கெனவே குமையும் பிள்ளையை மேலும் அமிழ்த்துகிறார்கள்.

ஜிம்முக்குப் போனால்தான் பயன் என்பதும் பிழையே. இங்கிலாந்தில் பல்லாண்டு தொடர்ந்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 12 வயதில் நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக நடை முதலான மெல்லிய அசைவில் ஈடுபட்டோரிடம், 18 வயதில் சோர்வின் அறிகுறிகள் பத்தில் ஒரு பங்களவு குறைந்திருந்தன. விளையாட்டு மார்க்கைக் கெடுக்கும் என்பது ஆதாரமற்ற அச்சம். பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் ஆகாது என்பது பதிலுக்கே அருகதையற்றது.

தேகப்பயிற்சி சிகிச்சைக்குத் துணை, சிகிச்சைக்குப் பதிலன்று. வாட்டம் இரண்டு வாரம் நீடித்தால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இறுதியாக, தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவத்தினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட அசைவு வேண்டுமென்கிறது; நம் பள்ளிகளிலோ பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் எட்டிய மாத்திரத்தில் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்த்துவிடுகிறார்கள். அந்தப் பீரியடைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள்.