தடித்த குதிரைக்குத் தகுந்த சேணம்

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் மாடு மேய்ப்போர் பெரிதும் விரும்பும் குவார்ட்டர் ஜாதியைப் போல, முதுகு அகன்றும் தோள்மேடு தாழ்ந்தும் உள்ள குதிரைக்குச் சேணம் வாங்குவோர், தோலின் சித்திர வேலைப்பாட்டில் மனத்தைப் பறிகொடாமல், உள்ளே மறைந்திருக்கும் மரச்சட்டத்தின் அகலத்தையும் சரிவையுமே முதலில் பரீக்ஷித்தல் வேண்டும். வளையும் கம்பியொன்றைத் தோள்பட்டை எலும்புக்குச் சற்றுப் பின்னே முதுகின் குறுக்கே அழுத்தி, அவ்வடிவத்தை அட்டையில் வரைந்து கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்வது உத்தமம். ஏனெனில் சட்டத்தின் அகலம் 7 அங்குலம் என்று ஒரு தயாரிப்பாளர் குறிப்பது மற்றொருவர் அளவோடு ஒவ்வாது. குறுகிய சேணத்தின் அடியில் கனத்த விரிப்பைத் திணிப்பது, நெருக்கத்தை மிகுவித்து அந்த வாயில்லா ஜீவனின் வேதனையையே வளர்க்கும். சட்டம் கடைசி விலாவெலும்பைத் தாண்டலாகாது. சவாரிக்குப்பின், வியர்த்த முதுகில் உலர்ந்த திட்டுகள் தென்பட்டால், அவ்விடங்களை விரலால் மெல்ல அழுத்தி, குதிரை கூசிப் பின்வாங்குகிறதா என்று பார்க்கவும்.