பாடுவோரும் பாடுவிப்போரும்

இறைவனைப் பாடுவதற்குப் பயிற்சி வேண்டுமா? உள்ளத்தில் அன்பு ததும்பினால் போதாதா? தாய் பாடும் தாலாட்டில் சுருதி பிசகினால் குழந்தை உறங்க மறுக்கிறதா? வழிபாட்டில் இசைப்பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எழுகின்ற முதல் ஆட்சேபம் இதுவே. இது எல்லாச் சமயத்தாரிடமும் எழுவது; எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அன்று.

கிறிஸ்தவத் திருச்சபைகள் இக்கேள்வியை நீண்ட காலமாக எதிர்கொண்டு வந்துள்ளன. பாடகர் குழுவினர், ஆர்கன் வாசிப்போர், சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்போர் ஆகிய மூவகையினருக்கும் இன்று பல நாடுகளில் பயிற்சி முகாம்கள் நடைபெறுகின்றன. அம்முகாம்களில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது, எதற்காகக் கற்பிக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

ஆவியும் அறிவும்

ஆட்சேபத்திற்கான விடையைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் காணலாம். அந்நகரத்துச் சபையில் சிலர் பரவச நிலையில், பிறருக்கு விளங்காத மொழியில் பேசினர். அவர்களுடைய பக்தியைப் பவுல் மறுக்கவில்லை. ஆனால் பாடும்போது ஆவி மட்டுமல்லாமல் அறிவும் சேர்ந்து பாட வேண்டும் என்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. சொல்வது விளங்காவிட்டால், அருகில் இருப்பவர் அந்தத் துதிக்கு எவ்வாறு 'ஆமென்' சொல்லி இணங்க முடியும் என்று அவர் கேட்கிறார்.

ஆகவே, தனிமையில் பாடுபவருக்கு அன்பு போதும். சபையில் பாடுபவருக்கு அது போதாது. அன்பு நம்மை இறைவனிடம் சேர்க்கிறது. பயிற்சி நம் குரலை அருகில் இருப்பவரின் குரலோடு சேர்க்கிறது. தாலாட்டுப் பாடும் தாய்க்குக் கேட்பவர் ஒருவரே. நூறு பேரை ஒரே மூச்சில் பாட வைக்க வேண்டியவரின் கடமை வேறு.

இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் ஆர்கன் இசைஞராக இருந்த சிட்னி நிக்கல்சன் (1875–1947) இந்த நோக்கத்துடனேயே 1927-இல் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தமது உயர்ந்த பதவியைத் துறந்து அதற்கே தம்மை ஒப்புவித்தார். பேராலயங்களுக்குத் தேர்ந்த இசைஞர்கள் கிடைத்துவிடுவர். ஊர்தோறும் உள்ள சிற்றாலயங்களுக்கு யார் கற்பிப்பது என்பதே அவருடைய கவலை. 1945 முதல் 'ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூசிக்' என்னும் பெயரைத் தாங்கிவரும் அந்நிறுவனம், பவுல் கூறிய அதே கருத்தையே தன் இலட்சிய வாசகமாகக் கொண்டுள்ளது.

ஏணி அமைத்தவர்கள்

இசையைச் சாதாரண மக்களுக்கு எட்டச் செய்யும் முயற்சி இதற்கும் மிகப் பழமையானது. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோ நகரில் கீதோ என்னும் துறவி வாழ்ந்தார். அக்காலத்தில் மடத்துச் சிறுவர்கள் ஆசிரியர் பாடுவதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தனர். அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. கீதோ கோடுகளின் மீது ஸ்வரங்களைக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்; ஸ்வரங்களுக்கு 'உத், ரே, மி' எனப் பெயரிட்டார். பத்தாண்டுகளில் கற்றதை ஓரிரு ஆண்டுகளில் கற்கலாம் என்று அவர் எழுதினார். போப் பத்தொன்பதாம் ஜான் அவரை ரோமாபுரிக்கு அழைத்து, தாம் முன்பு கேட்டிராத ஒரு பாடலடியை அக்குறிகளைப் பார்த்தே பாடி வியந்தார் என்பது கீதோ தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தால் தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஸாரா குளோவர் (1786–1867) என்னும் பெண்மணி, ஆலயப் பள்ளிக் குழந்தைகளுக்காக இன்னும் எளிய முறை ஒன்றை வகுத்து 1835-இல் வெளியிட்டார். 1841-இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், சபையும் சிறுவரும் எளிதில் பாடக் கற்கும் வழியைக் கண்டறியுமாறு ஜான் கர்வன் (1816–1880) என்னும் இளம் போதகரை வேண்டினர். கர்வன் இசைஞர் அல்லர். தாமே தட்டுத் தடுமாறிக் கற்றவர். கற்பவனின் இடர்ப்பாடு அவருக்குத் தெரிந்திருந்தது. குளோவரின் முறையைத் தழுவி அவர் பரப்பியதே 'டானிக் ஸோல்ஃபா'. இதில் 'டோ' என்பது ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதில்லை. பாடுபவரின் வசதிக்கேற்ப இடம் மாறும். நம் இசையில் ஷட்ஜம் மாறுவதைப் போன்றதே இது என்றால் நமக்கு எளிதில் விளங்கும். ஒலியை முதலில் உணர்த்து, குறியைப் பிறகு காட்டு என்பது கர்வனின் அடிப்படைக் கொள்கை.

கீதோ, குளோவர், கர்வன் ஆகிய மூவரிடமும் ஓர் ஒற்றுமை உண்டு. வல்லவரை மேலும் வல்லவராக்க அவர்கள் முயலவில்லை. இயலாது என்று ஒதுங்கி நின்றவருக்கு ஏணி அமைத்தனர்.

மூவர் கற்கும் பாடம்

முதலாவது, பாடகர் குழுவினர். இவர்களுக்குப் பயிற்சி பெரும்பாலும் பாட்டில் தொடங்குவதில்லை. உடலை நேராக நிறுத்துவதிலும் மூச்சிலும் தொடங்குகிறது. அடுத்து, உயிரெழுத்துகளை அனைவரும் ஒன்றுபோல் ஒலிக்கக் கற்கின்றனர். ஒருவர் 'ஆ' என்று வாயைத் திறக்க, மற்றவர் அதையே பாதி திறந்த வாயால் ஒலித்தால், ஸ்வரம் ஒன்றாயிருந்தும் ஒலி இணையாது. ஆயினும் இவர்கள் கற்கும் மிகக் கடினமான பாடம், கேட்பது. தன் குரல் மட்டும் தனக்குக் கேட்கிறது என்றால் தான் உரக்கப் பாடுவதாக அறிய வேண்டும். இருபுறமும் நிற்பவரின் குரல் தெளிவாகக் கேட்கும் அளவே சரியான அளவு. நீண்டதோர் அடியை ஒரே மூச்சில் பாட இயலாதபோது, ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் ஓசையின்றி மூச்சு வாங்குகின்றனர். ஒருவர் நிறுத்தும்போது மற்றவர் தாங்குகிறார். கேட்பவருக்கு இடைவெளியே தெரிவதில்லை.

இரண்டாவது, ஆர்கன் வாசிப்பவர். பியானோ பழகியவர்கள் பலர், வேறு ஆள் இல்லாத காரணத்தால் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்க முன்வருகின்றனர். பியானோவில் கட்டையை அழுத்தி அடித்தால் ஒலி பெருகும். குழல் ஆர்கனில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு மாறாது. விரலை எடுக்கும்வரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும். காற்றறை ஊட்டும் கருவிக்கு மூச்சு முட்டுவதே இல்லை; பாடும் மனிதருக்கோ முட்டும். ஆகவே பாடலின் சொற்களைத் தானும் மனத்திற்குள் பாடிக்கொண்டே வாசிக்கவும், அடி முடியும் இடத்தில் விரலை எடுத்துச் சபைக்கு மூச்சுவிட இடம் தரவும் அவர் கற்கிறார். அவருடைய திறமை ஒலியில் மட்டுமல்ல, நிறுத்தத்திலும் இருக்கிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆலயத்தின் ஒரு கோடியில் ஆர்கன் இருக்க, 34 மீட்டர் தொலைவில் மக்கள் நின்று பாடினால், ஒலி அவர்களை அடைய விநாடியில் பத்தில் ஒரு பங்கும், அவர்கள் குரல் திரும்பி வர இன்னொரு பங்கும் ஆகும். அவர்கள் குரல் எட்டட்டும் என்று வாசிப்பவர் காத்திருந்தால், வாசிப்பைக் கேட்டு அவர்களும் தாமதிப்பர். பாட்டு அடிக்கு அடி தளர்ந்து போகும். சபையைக் கேட்க வேண்டும். அதே சமயம் காலத்தை விட்டுக்கொடுக்கவும் கூடாது. வழிநடத்தும் எவருக்கும் பொருந்தும் பாடம் இது.

மூன்றாவது, சிறுவர்களைப் பாடுவிப்பவர். மூவரில் இவருடைய பொறுப்பே பெரிது என்று தோன்றுகிறது. பெரியவர்கள் தமக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் தொடங்கிவிடுவது பொதுவான குறை. குழந்தையின் குரல் மென்மையாகவும் உயர்ந்தும் இருப்பது. தாழ்ந்த சுருதியில் அது கத்தலாக மாறும். ஆண் ஆசிரியர் பாடும்போது அவர் குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால் சில குழந்தைகள் திகைத்து, இரண்டிலும் சேராத ஏதோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வர். எனவே சிறிய அடிகளாகப் பாடிக் காட்டி, தாம் நிறுத்தி, குழந்தைகள் திருப்பிப் பாடுவதைக் கேட்குமாறு ஆசிரியர் பயிற்றுவிக்கப்படுகிறார். பஞ்சமத்திலிருந்து காந்தாரத்திற்கு இறங்கும் எளிய இரு ஸ்வர அழைப்புகளில் தொடங்கலாம். கர்வன் வகுத்த கைச்சாடைகளும் உதவும்; ஹங்கேரிய இசைமேதை ஸொல்தான் கோடாயின் (1882–1967) வழிவந்த ஆசிரியர்கள் அவற்றை இன்றும் கையாளுகின்றனர்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எந்தக் குழந்தையிடமும் "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று கூறாதிருப்பது. சுருதியோடு சேர்வது பெரும்பாலோர்க்குப் பழக்கத்தால் வருவது. சிலருக்கு விரைவில் வரும், சிலருக்கு மெல்ல வரும். விழா நன்றாக அமைய வேண்டும் என்ற ஆசையில் ஏழு வயதில் வாயடைக்கப்பட்ட குழந்தை, எழுபது வயதிலும் வழிபாட்டில் மௌனமாக நிற்கக்கூடும். ஒரு விழாவின் அழகுக்காக ஒருவரின் வாழ்நாள் துதியை விலையாகக் கொடுப்பது தகுமா?

பயிற்சியில் உள்ள ஆபத்து

இங்கு ஆட்சேபத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பயிற்சி முதிர முதிரக் குழு அழகாகப் பாடத் தொடங்கும். சபை கேட்கத் தொடங்கும். நாளடைவில் பாடுவதையே நிறுத்திவிடும். கேட்பதும் வழிபாடே, ஆழ்ந்து கேட்ட ஓர் இசை, உள்ளத்தை ஒருமுகப்படுத்துவதை மறுப்பதற்கில்லை. ஆனால் மக்களுக்குரிய பாட்டையும் குழு எடுத்துக்கொள்ளும்போது, உதவி செய்ய வந்தவர் உடைமையைப் பறித்தவர் ஆகிறார். நல்ல முகாம்களில் குழு தனித்துப் பாட வேண்டியது எது, சபையோடு சேர்ந்து பாட வேண்டியது எது என்பது பிரித்துச் சொல்லப்படுகிறது.

நமது நாட்டின் வடகிழக்கில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. கர்வன் வேண்டப்பட்ட அதே 1841-இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் காசி மலைகளுக்கு வந்தார். மிசோ மலைகளுக்கு மிஷனரிகள் 1894-இல் வந்தனர். அவர்கள் வழியே வந்த ஸோல்ஃபா முறை மிசோரத்தில் வேரூன்றியது. இன்றும் அங்குப் பாடகர் குழுக்கள் ஸோல்ஃபா எழுத்துகளைப் பார்த்து நான்கு குரல்களில் பாடுகின்றன. ஆனால் அதனுடன் 'லெங்கோம் ஸாய்' என்னும் சபைப்பாடலும் வாழ்கிறது. 'குவாங்' எனப்படும் முரசின் நிதானமான ஒலிக்கேற்ப, மிசோ மரபின் இழைவோடு, கூடியிருக்கும் அனைவரும் சேர்ந்து பாடுவது அது. தொடக்கத்தில் ஆலயத்திற்கு ஏலாதென விலக்கப்பட்ட அம்முரசு பின்னர் அங்கே இடம் பெற்றது. பயின்ற குழுவும் பாடும் சபையும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே இடத்தில் வாழ முடியும் என்பதற்கு இது சான்று.

முடிவாக

பயிற்சி பக்திக்கு மாற்று அன்று. பக்தியைப் பகிர்ந்துகொள்ளும் வழி. பாடகர் அடுத்தவரைக் கேட்கக் கற்கிறார். வாசிப்பவர் பிறருக்காக நிறுத்தக் கற்கிறார். குழந்தைகளின் ஆசிரியர் தாம் பாடுவதைவிடப் பாட வைப்பதைக் கற்கிறார். மூன்றிலும் 'நான்' சற்றே பின்வாங்குகிறது. இசைப்பயிற்சி ஆன்மிகப் பயிற்சியாவது அந்த இடத்தில்தான்.

சிந்தனைக்கு:

1. நாம் கலந்துகொள்ளும் கூட்டுப் பிரார்த்தனையில் பாடாமல் நிற்பவர் யார்? அவர் பாடாததன் காரணத்தை நாம் கேட்டறிந்ததுண்டா?

2. பாட்டைத் தொடங்குபவர் தேர்ந்துகொள்ளும் சுருதி அவருக்கு வசதியானதா, கூடியிருப்போருக்கு வசதியானதா?

3. அடுத்த முறை பாடும்போது, நம் குரலைச் சற்றே குறைத்து, அருகில் இருப்பவரின் குரலைக் கேட்டுப் பார்ப்போமா?